தோற்கும் அணிக்குத் துணை நிற்றல்



கால்பந்தாட்டத்தில் ஆடுகளத்துக்குள் இருப்போர் இருபத்திருவர். அவர்களை நெறிப்படுத்தும் நடுவர் ஒருவர். இவர்களைப் பற்றி நூல்கள் பல உண்டு. களத்துக்கு வெளியே, படிக்கட்டுகளில் அமர்ந்து தொண்டை வற்றக் கூவும் ஆயிரக்கணக்கானோரைப் பற்றி நாம் அதிகமாக எண்ணிப் பார்ப்பதில்லை. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அந்த ரசிகர்களைப் பற்றியே.

ரசிகர் என்ற சொல்லை நாம் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். வழியே போகிறவர் மைதானத்தில் கூட்டத்தைக் கண்டு நின்று, நல்ல கோல் ஒன்றைப் பார்த்துக் கைதட்டிவிட்டுப் போகிறார். அவரை வேடிக்கை பார்ப்பவர் எனலாம். இறுதிப் போட்டிக்கு மட்டும் புத்தாடை உடுத்தி வந்து, வென்றவர்களோடு சேர்ந்து ஆடிவிட்டுச் செல்பவர் இன்னொருவர். அவர் வெற்றியின் விருந்தாளி. மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். ஓர் அணியைத் தம்முடையது என்று முதல் நாளிலேயே ஏற்றுக்கொண்டு, மழையிலும் வெயிலிலும், ஏற்றத்திலும் இறக்கத்திலும், பருவம் முடியும் வரை அதனோடு நடப்பவர் அவர். அவரையே ரசிகர் என்று நான் கருதுகிறேன்.

ஓர் ஆட்டம் தொண்ணூறு நிமிடங்களில் முடிந்துவிடும். ஒரு பருவமோ மாதக்கணக்கில் நீளும். ஓர் ஆட்டத்தைப் பார்ப்பது ஒரு நூலின் ஓர் இயலைப் படிப்பது போன்றது. பருவம் முழுவதையும் பின்தொடர்வது அந்த நூலைத் தொடக்கம் முதல் முடிவு வரை படிப்பது போன்றது. இடையில் சலிப்பூட்டும் பக்கங்கள் வரும். நூலை மூடி வைத்துவிடலாமா என்று தோன்றும் இடங்களும் வரும். அவற்றைக் கடந்து படிப்பவருக்கே முடிவின் பொருள் விளங்கும்.

இதை வெறும் கருத்தாகச் சொல்லிச் செல்வதைவிட, நான் உடனிருந்து கண்ட ஒரு பருவத்தைச் சொல்வது நலம். அது 2015-ஆம் ஆண்டு. அணியின் பெயர் சென்னையின் எஃப்.சி. இந்தியன் சூப்பர் லீக் என்னும் போட்டி தொடங்கிய 2014-ஆம் ஆண்டிலேயே இவ்வணியும் தோன்றியது. பயிற்சியாளராக இருந்தவர், 2006-இல் உலகக் கோப்பை வென்ற இத்தாலி அணியில் ஆடிய மார்கோ மாட்டராசி. ஆட்டக்காரர்களில் கொலம்பியர் உண்டு, பிரேசில் நாட்டவர் உண்டு, மிசோரம் மாநிலத்து ஜேஜே லால்பெக்லுவா உண்டு. தமிழர் சிலரே. ஆயினும் நேரு விளையாட்டரங்கத்தில் நீல உடையில் அவர்கள் இறங்கியபோது, அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நம் ஊரின் பெயரைத் தாங்கி நின்றார்கள். அது போதுமானதாக இருந்தது.

நான் வசிப்பது முடிச்சூர். தாம்பரத்துக்கு மேற்கே, அடையாற்றின் மேற்பகுதியை ஒட்டிய ஊர். அன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. 2019 முதல் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. அக்காலத்தில் நான் ஒரு பள்ளியில் தலைமையாசிரியனாகப் பணியாற்றிக்கொண்டிருந்தேன். ஆட்ட நாட்களில் பள்ளி முடிந்ததும் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிப் பூங்கா நிலையத்தில் இறங்கி, பெரியமேட்டு அரங்கத்துக்கு நடந்து செல்வேன். வெளியூர் ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் காண்பேன். ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பது என் வழக்கம்.

முதலில் அப்போட்டியின் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். அவ்வாண்டு பங்கேற்ற அணிகள் எட்டு. ஒவ்வோர் அணியும் மற்ற ஏழு அணிகளோடு இருமுறை மோதவேண்டும்; ஆகவே ஆளுக்குப் பதினான்கு ஆட்டங்கள். வெற்றிக்கு மூன்று புள்ளி, சமனுக்கு ஒன்று, தோல்விக்குச் சுழி. முற்காலத்தில் வெற்றிக்கு இரண்டு புள்ளிகளே தரப்பட்டன. சமன் செய்தாலே போதும் என்று அணிகள் சோம்பி ஆடுவதைத் தடுக்க, 1981-இல் இங்கிலாந்து லீக்கில் மூன்று புள்ளி முறை வந்தது. 1994-இல் உலகக் கோப்பையும் அதனை ஏற்றது. பதினான்கு ஆட்டங்களின் முடிவில் முதல் நான்கு இடங்களில் நிற்கும் அணிகள் அரையிறுதிக்குச் செல்லும்.

அக்டோபர் 3-ஆம் நாள் சென்னையில் முதல் ஆட்டம். எதிரணி அட்லெடிகோ டி கொல்கத்தா. இரண்டுக்கு மூன்று என்று தோற்றோம். அடுத்து டெல்லியில் ஒரு கோல் வித்தியாசத்தில் தோல்வி. அதன் பின்னர் கோவாவுக்குச் சென்று அந்த ஊர் அணியை நான்குக்குச் சுழி என்று வென்றோம். கொலம்பிய வீரர் ஸ்டிவன் மெண்டோசா அதில் மூன்று கோல்கள் போட்டார். அன்று இரவு என் குறிப்பேட்டில் எழுத்துகள் சற்றுப் பெரியனவாகவே விழுந்தன. ஆனால் அந்த மகிழ்ச்சி நிலைக்கவில்லை. பத்து ஆட்டங்கள் முடிந்தபோது கணக்கு இதுதான்: வெற்றி மூன்று, சமன் ஒன்று, தோல்வி ஆறு. புள்ளிகள் பத்து. எட்டு அணிகளின் அட்டவணையில் நம் அணி கடைசியில் நின்றது.

வெற்றியின் விருந்தாளிகள் எழுந்து போகும் வேளை இதுதான். என்னோடு ரயிலில் வந்துகொண்டிருந்தவர் சிலர் வருவதை நிறுத்திக்கொண்டனர். நான் அவர்களைக் குறை கூறமாட்டேன். நாள் முழுதும் உழைத்தவர் மாலையில் மகிழ்ச்சியைத் தேடுவது இயல்பே. ஆயினும் ஒன்று கவனித்தேன். கூட்டம் குறைந்த படிக்கட்டுகளில் எஞ்சியிருந்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளத் தொடங்கினர். வென்றபோது முகம் தெரியாமல் கூவியவர்கள், தோற்றபோது பெயர் கேட்டுப் பேசினார்கள். எந்த ஆட்டக்காரருக்குக் கால் வலி, எவர் இடப்புறத்தில் ஆடினால் நன்று என்பதெல்லாம் அங்கே அலசப்பட்டன. நான் ஆட்டத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டது அந்த வாரங்களில்தான். வெல்லும்போது பந்து போகும் திசையை மட்டுமே கண் நாடுகிறது. தோற்கும்போதோ, பந்து இல்லாத ஆட்டக்காரர் எங்கே நிற்கிறார், இடைவெளி எங்கே விழுகிறது என்று காரணம் தேடத் தொடங்குகிறோம்.

இதற்கிடையில் வானமும் தன் கணக்கைத் தொடங்கியிருந்தது. நவம்பர் நடுவில் கொட்டிய மழையில் ஏரிகள் நிரம்பின. மணிமங்கலம், ஆதனூர் முதலிய ஏரிகளின் உபரிநீர் பெருகிவந்து முடிச்சூர்த் தெருக்களில் நின்றது. அது வடியத் தொடங்கிய நாட்களில், நவம்பர் 21-ஆம் நாள், சென்னையில் கேரளா பிளாஸ்டர்ஸ் அணியை நான்குக்கு ஒன்று என்று நம்மவர் வென்றனர். மூன்று நாட்களில் டெல்லி அணியை நான்குக்குச் சுழி என்று வென்றனர். பின்னர் கொல்கத்தாவுக்கே சென்று இரண்டுக்கு ஒன்று என்று வென்றனர். எஞ்சியிருந்தது ஓர் ஆட்டம். டிசம்பர் 1-ஆம் நாள் மும்பையில்.

அந்த நாளை முடிச்சூர் மக்கள் மறக்கமாட்டார்கள். டிசம்பர் 2-ஆம் நாள் காலை வரையிலான இருபத்துநான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். சென்னையில் டிசம்பர் மாதம் முழுவதும் இயல்பாகப் பெய்யும் அளவைப் போல் இரு மடங்குக்கும் மேல் அது. ஏற்கெனவே நிரம்பிய ஏரிகள் அந்நீரைத் தாங்கவில்லை. எங்கள் தெருவில் மின்சாரம் மாலையிலேயே போயிற்று. இரவு நீர் வாசற்படியைத் தாண்டியது. விடியுமுன் இடுப்பளவு வந்தது. நானும் என் மனைவியும் எதிர்வீட்டு மாடியில் ஒதுங்கினோம். அந்த மாடியில் நான்கு குடும்பங்கள் இருந்தோம். எங்களிடம் இருந்தது ஒரு சிறிய வானொலிப் பெட்டி. மின்கலம் தீர்ந்துவிடுமோ என்று அஞ்சி, செய்தி நேரத்தில் மட்டும் திறப்போம். ஏரிகளில் நீர்மட்டம், ரயில் போக்குவரத்து நிறுத்தம், விமான நிலையம் மூடல் ஆகிய செய்திகளைக் கேட்டோம். பந்தாட்டத்தை நான் நினைக்கவே இல்லை. மறுநாள் இந்து நாளிதழ் சென்னையில் அச்சாகவில்லை. 1878-இல் அவ்விதழ் தொடங்கிய பின் அவ்வாறு நேர்ந்தது அதுவே முதல்முறை என்று பிறகு அறிந்தோம்.

தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும், கடற்கரைக் குப்பங்களிலிருந்து தம் படகுகளை லாரிகளில் ஏற்றிவந்த மீனவர்களும் தெருத் தெருவாகச் சென்று மக்களை மீட்டனர். நாங்கள் ஏறிய படகைச் செலுத்தியவர் முடிச்சூரை அதற்கு முன் கண்டதில்லை என்றார். கரை சேர்ந்ததும் நான் என் பள்ளிக்குச் சென்றேன். அது முகாமாக மாறியிருந்தது. வகுப்பறைகளில் குடும்பங்கள் தங்கியிருந்தன; கரும்பலகையில் பாடத்துக்குப் பதிலாக உணவுப் பொட்டலங்களின் கணக்கு எழுதப்பட்டிருந்தது.

அங்கே நடந்த ஒன்றைத்தான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன். அவன் குடும்பத்தின் குடிசை வெள்ளத்தோடு போய்விட்டது. பாடநூல்கள், சீருடை, ஒன்றும் மிஞ்சவில்லை. மூன்று நாட்களாக அவன் எவரோடும் பேசவில்லை என்று அவன் தாய் என்னிடம் வருந்திக் கூறினார். நான் அவன் அருகில் அமர்ந்தேன். என்ன சொல்வதென்று எனக்கும் தெரியவில்லை. சிறிது நேரம் கழித்து அவனே வாய் திறந்தான்.

“சார், மும்பை மேட்ச் என்ன ஆச்சு?” என்று கேட்டான்.

எனக்குத் தெரியாது என்றேன். அங்கிருந்தவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆனால் கேள்வி கூடம் முழுதும் பரவிவிட்டது. வென்றிருந்தால் அரையிறுதி, தோற்றிருந்தால் வெளியேற்றம் என்று ஒருவர் கணக்குச் சொன்னார். டெல்லிக்கு எத்தனை புள்ளி என்று இன்னொருவர் கேட்டார். பையன் சுவரோரம் கிடந்த சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, உணவுக் கணக்குக்குக் கீழே எட்டு அணிகளின் பெயர்களையும் எழுதலானான். மறுநாள் பழைய நாளிதழ் ஒன்று கைக்கு வந்தது. மூன்றுக்குச் சுழி என்று நம் அணி வென்றிருந்தது. கடைசி நான்கு ஆட்டங்களில் போட்டது 13 கோல், வாங்கியது இரண்டே. ஏழு வெற்றி, ஒரு சமன். 22 புள்ளிகளோடு மூன்றாம் இடம்.

ஊர் மூழ்கிக் கிடக்கும்போது பந்தாட்டம் ஒரு பொருட்டா என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கேள்வியை நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன். நேர்மையாக விடை சொல்லவேண்டுமானால், அந்த வெற்றி எவருடைய சுவரையும் உலர்த்தவில்லை. எவருக்கும் ஒரு பாயோ பானையோ தரவில்லை. பையனுக்குப் புதுப் பாடநூல்களைக் கொடுத்தது அரசு. சீருடை தைத்துக் கொடுத்தவர்கள் அயலூர் மக்கள். அந்த வேலைகள்தாம் முதன்மையானவை. உணவுப் பொட்டலம் கட்டும் நேரத்தில் ஆட்டம் பார்க்கச் செல்பவனை ரசிகன் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

ஆயினும், துயரத்தில் இருக்கும் மனிதருக்கு உணவும் உடையும் மட்டும் போதுவதில்லை. நாளை என்று ஒன்று இருப்பதாக மனம் நம்பவேண்டும். அந்தப் பையன் அக்டோபர் முதல் ஒரு கதையைப் பின்தொடர்ந்து வந்தவன். வெள்ளம் அவன் வீட்டைக் கொண்டுபோயிற்று. அந்தக் கதையைக் கொண்டுபோகவில்லை. அடுத்த ஆட்டம் எப்போது என்ற கேள்விக்கு அட்டவணையில் ஒரு தேதி இருந்தது. அவன் அதைப் பிடித்துக்கொண்டான்.

அரையிறுதியின் முதல் ஆட்டம் சென்னையில் நடக்கவேண்டியது. வெள்ளத்தால் அது புனே நகருக்கு மாற்றப்பட்டது. டிசம்பர் 12-ஆம் நாள், சொந்த மண் இல்லாத சென்னை அணி, அயலூர் அரங்கத்தில் கொல்கத்தாவை மூன்றுக்குச் சுழி என்று வென்றது. நான்கு நாட்கள் கழித்துக் கொல்கத்தாவில் ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றாலும், மொத்தக் கணக்கில் நான்குக்கு இரண்டு என்று முன்னேறியது. டிசம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை, கோவாவில் இறுதிப் போட்டி, எதிரணி எஃப்.சி. கோவா. மேற்குத் தாம்பரத்தில் மின்சாரம் வந்திருந்த ஒரு தேநீர்க் கடையின் தொலைக்காட்சிக்கு முன்னால் நாங்கள் கூடினோம். 87-ஆம் நிமிடத்தில் கோவா இரண்டுக்கு ஒன்று என்று முந்தியது. கடையில் பேச்சே எழவில்லை. 90-ஆம் நிமிடத்தில் பந்து கோவா கோல்காவலரின் மேல் பட்டு அவர் வலைக்குள்ளேயே சென்றது. அடுத்த இரண்டு நிமிடங்களுக்குள் மெண்டோசா வெற்றிக் கோலைப் போட்டார். மூன்றுக்கு இரண்டு. அட்டவணையின் அடியில் கிடந்த அணி கோப்பையை ஏந்தியது. அப்பருவத்தில் மெண்டோசா போட்டவை 13 கோல்கள். மற்ற எவரும் அத்தனை போடவில்லை.

மாணவர்களே, வெற்றிக் கதையைச் சொல்லி முடித்துவிட எனக்கு விருப்பமில்லை. அந்த அணி கடைசி இடத்திலேயே நின்றிருந்தாலும் நான் இதையே சொல்லியிருப்பேன். அதே அணி 2017-18 பருவத்தில் பெங்களூரு அணியை வென்று மீண்டும் கோப்பை பெற்றது. வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷ் அவ்வணியில் ஆடினார். 2020 மார்ச் 14-ஆம் நாள் மூன்றாம் முறையாக இறுதிப் போட்டிக்கு வந்து தோற்றது. கொள்ளைநோய் அச்சத்தால் அந்த ஆட்டம் பார்வையாளர் ஒருவருமின்றி நடந்தது. பந்தை உதைக்கும் ஓசை வெறும் நாற்காலிகளில் பட்டு எதிரொலித்தது. ரசிகர் இல்லாத களம் எப்படியிருக்கும் என்பதை அன்று உலகம் கண்டது.

ரசிகரின் அன்பு நம் நாட்டுக்குப் புதியதன்று. 1911 ஜூலை 29-ஆம் நாள் கொல்கத்தாவில் மோகன் பகான் அணி, ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவு அணியை இரண்டுக்கு ஒன்று என்று வென்றது. பதினொருவரில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் வெறுங்காலோடு ஆடினர். வெளியூர்களிலிருந்து ரயில்களிலும் படகுகளிலும் மக்கள் திரண்டனர். உள்ளே இடம் கிடைக்காதவர்களுக்குப் பட்டங்களை ஏற்றிக் கோல் கணக்கை அறிவித்தார்கள் என்று சொல்வர்.

ஆனால் இந்த அன்புக்கு ஒரு நிழலும் உண்டு. நம் அணியை நேசிப்பது எதிரணியைப் பகைப்பதாக மாறும்போது ஆட்டம் கெடுகிறது. 1994 உலகக் கோப்பையில் கொலம்பிய வீரர் ஆந்த்ரே எஸ்கோபார் தவறுதலாகத் தம் வலைக்குள்ளேயே பந்தைச் செலுத்திவிட்டார். அணி வெளியேறியது. ஊர் திரும்பிய சில நாட்களில், ஜூலை 2-ஆம் நாள், அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கோவா கோல்காவலருக்கும் நேர்ந்தது அத்தகைய தடுமாற்றமே. அந்த இரவில் தேநீர்க் கடையில் அவரைக் கேலி செய்த சில குரல்கள் எழுந்தன. அப்போது என் மாணவன் சொன்னான்: “பாவம் சார், அவர் எவ்வளவு பந்தைப் பிடிச்சார்!” உண்மை. அதே ஆட்டத்தில் பெனால்டி உதைகளையும் தடுத்தவர் அவர். பருவம் முழுதும் தோல்வியைச் சுமந்தவனுக்கே தோற்றவரின் வலி உடனே புரிகிறது.

எதிர்மாறான எடுத்துக்காட்டும் உண்டு. 1962-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டின் கால்பந்து இறுதிப் போட்டியில் இந்தியா தென் கொரியாவை இரண்டுக்கு ஒன்று என்று வென்றது. அரங்கம் நிறைந்த கூட்டம் இந்தியாவுக்கு எதிராகக் கூவியது. அப்போது நம் அணிக்கு ஆதரவாகக் குரல் கொடுத்தவர்கள் பாகிஸ்தான் ஹாக்கி ஆட்டக்காரர்கள் என்று நம் வீரர்கள் பிற்காலத்தில் நினைவு கூர்ந்தனர். அந்த வெற்றிக்கு வழிகாட்டிய பயிற்சியாளர் சையத் அப்துல் ரகீம், ஐதராபாத்தில் பள்ளி ஆசிரியராக வாழ்வைத் தொடங்கியவர் என்பதை ஓர் ஆசிரியன் என்ற முறையில் பெருமையுடன் சொல்லிக்கொள்கிறேன்.

இன்னொரு தீங்கையும் சொல்லிவிடுகிறேன். பணம் வைத்துப் பந்தயம் கட்டுபவன் ரசிகன் ஆகமாட்டான். அவன் கண் அணியின் மேல் இல்லை. தன் பையின் மேல் இருக்கிறது. தேர்வுக்குப் படிக்கவேண்டிய இரவைத் தொலைக்காட்சிக்குக் கொடுப்பவனும் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறான்.

ரசிகராக விரும்புவோர் பெரிய அரங்கங்களைத் தேடி ஓடவேண்டியதில்லை. உங்கள் கல்லூரிக்கும் பள்ளிக்கும் ஓர் அணி இருக்கும். தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி, நுங்கம்பாக்கத்தில் லயோலா கல்லூரி, 1920-இல் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி என எத்தனையோ மைதானங்களில் மாலை தோறும் பந்து உருள்கிறது. அங்கெல்லாம் படிக்கட்டுகள் பெரும்பாலும் காலியாகவே இருக்கின்றன. உங்கள் வகுப்புத் தோழன் ஆடும் ஆட்டத்தை நீங்கள் பார்க்காவிட்டால், யார் பார்ப்பார்கள்?

ஒரு சிறு முறையைச் சொல்லுகிறேன். இந்த ஆண்டே செய்து பாருங்கள். ஒரு குறிப்பேடு வாங்கி, உங்கள் கல்லூரி அணி ஆடும் ஒவ்வோர் ஆட்டத்தின் நாள், இடம், எதிரணி, முடிவு ஆகியவற்றை எழுதுங்கள். கோல் போட்டவர் பெயரோடு, கோலுக்கு வழி செய்தவர் பெயரையும் எழுதுங்கள். மாற்று ஆட்டக்காரராக ஓரத்தில் அமர்ந்து, பருவம் முழுதும் களமிறங்காமலே போகிறவர் பெயரையும் கேட்டறியுங்கள். தோற்ற ஆட்டத்துக்கு மறுநாள் அவர்களை வகுப்பில் கண்டால், நேற்று வந்திருந்தேன் என்று ஒரு சொல் சொல்லுங்கள். வென்ற நாளில் அதைச் சொல்லப் பலர் இருப்பார்கள். தோற்ற மறுநாள் அந்தச் சொல்லுக்கு மதிப்பு அதிகம்.

பருவம் முடியும்போது கோப்பை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். உங்களுக்குக் கிடைப்பது வேறு. பயன் எதிர்பாராமல் ஒன்றினிடம் உண்மையாக இருக்கும் பழக்கம் கைவரும். நண்பருக்கும், குடும்பத்துக்கும், ஏற்றுக்கொண்ட தொழிலுக்கும், துன்பம் வந்த ஊருக்கும் பின்னாளில் அந்தப் பழக்கம் தேவைப்படும். அதை இளமையில், ஒரு மைதானத்தின் ஓரத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள்.